வீமனின் முகம்

அக்டோபர் 22, சனி

கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. ஆனாலும் எழுதாமல் படுக்கப்போவதில்லை. இன்று என் நாள்.

மியூசியத்தில் தீபாவளிக் குடும்ப விழா. ஓஹாயோவின் இந்த ஊரில் இத்தனை இந்தியக் குடும்பங்கள் இருக்கின்றனவா என்று எனக்கே திகைப்பாக இருந்தது. பொது நிகழ்ச்சிப் பிரிவில் நான் சேர்ந்ததிலிருந்து பெரிய கூடத்தில் நிற்க இடமில்லாமல் பார்த்தது இன்றுதான். என் மேலதிகாரி லாரா, கூட்டம் வராது என்று நாற்காலிகளைக் குறைக்கச் சொன்னவர், மதியத்துக்கு மேல் தானே ஸ்டூல் தூக்கிக்கொண்டு ஓடினார். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி.

கூடத்தின் நடுவில், அந்தப் பெரிய கம்பளித் திரைக்குக் கீழேதான் கோலம் போட்டேன். சுவரை அடைத்துத் தொங்கும் பழைய ஐரோப்பிய நெசவு அது. வேட்டைக் காட்சி: குதிரைகள், ஒரு மான், நாய்கள். மற்ற நாய்களெல்லாம் மானைத் துரத்த, ஒன்று மட்டும் நின்று நம்மைத் திரும்பிப் பார்க்கும். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் முதலில் அதைத்தான் தொடப் போவார்கள். கூடத்தின் காவலாளி குலசிங்கம் அண்ணன் அதற்கு 'வீமன்' என்று பெயர் வைத்திருக்கிறார். யாழ்ப்பாணத்தில் அவர் வீட்டில் இருந்த நாயின் பெயராம். அமெரிக்கப் பிள்ளைகள் 'பீமா, பீமா' என்று கூப்பிடுவார்கள், அவர் விடாமல் திருத்துவார்.

கோலத்துக்குக் கல்மாவு மட்டும்தான் உபயோகிக்க வேண்டும் என்று கலைப்பொருள் பாதுகாப்புப் பிரிவின் ஹெலன் எழுதியே கொடுத்திருந்தார். தானியம், மாவு, பூ, மண் எதுவும் கூடத்துக்குள் வரக்கூடாது. இந்தியக் கடையில் கல்மாவு வாங்கி நேற்று வீட்டில் இழுத்துப் பார்த்தேன். சிமெண்டு கொட்டுவதுபோல் திட்டுத்திட்டாக விழுந்தது. நூறு பேர் முன்னால் அந்த அசிங்கத்தைப் போட என் கை வரவில்லை. அம்மா மில்லில் அரைத்து அனுப்பிய பச்சரிசி மாவு இருந்தது. அதைக் கல்மாவுப் பைக்குள் கொட்டி எடுத்துப் போனேன். வெள்ளை வெள்ளைதானே, யார் சோதிக்கப் போகிறார்கள்?

மைக்கில் பேசினேன். எங்கள் ஊரில் அரிசி மாவில் கோலமிடுவோம், எறும்பும் மற்ற சின்ன உயிர்களும் வந்து தின்னட்டும் என்று. நாளின் முதல் சாப்பாடு அவற்றுக்கு. இங்கே மியூசியம் என்பதால் கல்மாவு. இதைச் சொன்னதும் கைதட்டல். லாராவின் கண் கலங்கிவிட்டது.

குலசிங்கம் அண்ணன் மட்டும் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"தங்கச்சி, இது கல்மா இல்லை. அரிசிமா."

"சத்தமாச் சொல்லாதீங்கண்ணா."

"நான் ஏன் சொல்லுறன்? எங்கட வீட்டு வாசமெல்லோ வருது." சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

விழா முடிந்ததும் வேக்குவம் போட்டு எடுத்தாயிற்று. மிச்ச மாவுப் பையை என்ன செய்ய என்று நான் முழித்தபோது, அவர்தான் கூடத்தின் பின்சுவரில் இருக்கும் ஸ்டூல் அலமாரியில், வெந்நீர்க் குழாய்ப் பக்கம், மேல்தட்டில் வைத்தார். "பேந்து ஒரு நாளைக்கு எடுங்கோ" என்றார். நல்ல மனுஷன். கொஞ்சம் தொணதொணப்பு.

அக்டோபர் 23, ஞாயிறு

முதுகு வலி. லாராவிடமிருந்து பாராட்டு மெயில், மேலிடத்துக்கும் நகல் போட்டு. வீட்டுக்காரர் கதிரேசனிடம் வாசித்துக் காட்டினேன். "சம்பளம் ஏத்துவாங்களா?" என்றார். இவரிடம் போய்ச் சொன்னேனே.

நவம்பர் 17, வியாழன்

காலையில் மூன்று பள்ளிப் பேருந்துகள். ஒரு பையன் ஒரு காலணியோடு திரும்பிப் போனான், மற்றது இன்னும் கிடைக்கவில்லை. மாலையில் ஜாஸ் இசை. ஒயின் கோப்பையோடு ஓவிய அறைக்குள் நுழையப் பார்த்தவரைக் குலசிங்கம் அண்ணன் வாசலிலேயே மடக்கிவிட்டார். ஆள் நன்கொடையாளராம். லாரா முகம் சுருங்கியது. அண்ணன் கண்டுகொள்ளவில்லை. "ஆரெண்டாலும் சட்டம் சட்டம்தான்" என்றார்.

சட்டம் பேசுகிறவர் சட்டைப் பையில் பிஸ்கட் பொட்டலம் வைத்திருப்பது எனக்குத் தெரியும். சர்க்கரை வியாதி, திடீரென்று இறங்கிவிடும். ஓய்வறை வரை நடப்பதற்குள் கை நடுங்குமாம். தூணுக்குப் பின்னால் நின்று ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார். ஒரு தடவை மாட்டி, எச்சரிக்கையும் வாங்கியிருக்கிறார். மருத்துவர் கடிதம் கொடுத்தால் தனி அனுமதி கிடைக்கும் என்று நான் சொன்னேன். "சீனி வருத்தக்காரன் எண்டு எழுதி வச்சிட்டு, பேந்து கூடத்தில நிக்க விடுவினமோ?" என்றார். பிடிவாதம்.

அவர் மனைவி மலரக்காவுக்கு மார்பில் கட்டி. நல்லதில்லை என்று சொல்லிவிட்டார்களாம். சிகிச்சை அடுத்த மாதம் தொடங்குகிறது. "இந்த வேலையின்ர இன்சூரன்ஸ் இருக்கு, கடவுளே எண்டு" என்றார்.

பிப்ரவரி 9, வியாழன்

கதிரேசனின் கம்பெனியில் ஆட்குறைப்பு. அவர் பெயரும் இருந்தது. இனி என் விசாவில்தான் மூன்று பேரும். மியூசியம் எனக்கு கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்து வருடங்கள் ஆகின்றன, முறை வரும் நேரம் இது. அது வரும்வரை நான் மூச்சுவிடுவதற்குக்கூட யோசிக்க வேண்டும். சாப்பிடப் பிடிக்கவில்லை. பையனுக்கு மட்டும் தோசை சுட்டேன்.

ஏப்ரல் 5, புதன்

திரையில் பூச்சி.

மூலைகளில் வைத்திருக்கும் பசைப் பொறிகளை மாதாமாதம் எடுத்துப் பார்ப்பது ஹெலனின் வேலை. இன்று பெரிய கூடத்துப் பொறி எள் கொட்டியதுபோல் இருந்ததாம். ஏணி போட்டு ஏறிப் பார்த்திருக்கிறார்கள். கம்பளி அரித்திருக்கிறது. மற்ற இடங்களில் சின்னச் சின்ன ஓட்டை. வீமனுக்கு முகமே இல்லை.

நான் போனபோது ஹெலன் ஏணியின் அடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். எதற்கும் அசையாத பெண். இந்த வண்டு கம்பளியும் தின்னும், மாவுப் பண்டமும் தின்னும் என்றார். உலர்ந்த தீனி எதிலோ பல மாதம் பெருகி, அங்கிருந்துதான் திரைக்கு ஏறியிருக்கிறதாம். நாளை மறுநாள் கூடம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடப்போகிறார்கள்.

குலசிங்கம் அண்ணன் என்னைத் தூண் பக்கம் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"தங்கச்சி, அந்த மா. அலுமாரிக்குள்ள வச்சது. எடுத்தனீங்களோ?"

"அன்னைக்கே எடுத்துட்டேன்ண்ணா."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஏப்ரல் 6, வியாழன்

காலையில் சீக்கிரம் போனேன். பிள்ளைகள் வகுப்புக்கு ஸ்டூல்கள் தேவைப்பட்டன, அப்படியே அலமாரியையும் துடைத்து வைத்தேன். மேல்தட்டில் பழைய பை ஒன்று இருந்தது. நான் பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்காததைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்ல முடியாது. கையில் எடுத்தபோது உள்ளே ஏதோ நெளிந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். இரண்டு உறையில் போட்டுக் கட்டி, வரும் வழியில் பெட்ரோல் பங்க் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

கை கழுவக் கழுவப் பிசுபிசுப்புப் போகவில்லை.

ஏப்ரல் 7, வெள்ளி

தேடினார்கள். அலமாரியில் ஒன்றும் இல்லை. தூணின் அடியில், அண்ணன் நிற்கும் இடத்தில், தரையில் பதித்த சூடேற்றியின் கம்பிகளுக்கு இடையே பிஸ்கட் தூள் கிடைத்தது.

இரவு கதிரேசனிடம் சொன்னேன். எல்லாவற்றையும். அவர் டிவியை அணைத்தார்.

"யாருக்குத் தெரியும்?"

"குலசிங்கம் அண்ணனுக்கு, அரிசி மாவுன்னு தெரியும். ஆனா நான் எடுத்துட்டேன்னு நெனச்சிட்டிருக்கார்."

"நெனச்சிட்டே இருக்கட்டும். நீ பாட்டுக்கு வாயத் தொறந்து வைக்காத. வேலை போச்சுன்னா மூணு பேரும் பெட்டியக் கட்டணும். பையன் ஸ்கூல் பாதியில."

தப்பாகவா சொல்கிறார்? அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை.

ஏப்ரல் 12, புதன்

திரையை இறக்கினார்கள். எட்டுப் பேர் வெள்ளைக் கையுறையோடு சுருட்டி, பிளாஸ்டிக்கில் பொதிந்து, குளிரூட்டிய லாரியில் ஏற்றினார்கள். உறையவைத்தால்தான் முட்டையும் புழுவும் சாகுமாம். பிணத்தை எடுத்துப் போவதுபோல் இருந்தது. குலசிங்கம் அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

சிறுவர்களுக்கான காகித முகமூடி வகுப்பு நன்றாக நடந்தது. பசைக்குச்சி தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஏப்ரல் 18, செவ்வாய்

எழுதாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

விசாரணைக்கு அண்ணனைக் கூப்பிட்டிருந்தார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் பயத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளுமாம், பக்கத்தில் தமிழ் தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அந்த ஒருவர் நான். இந்தக் கட்டடத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

பணியாளர் பிரிவுப் பெண், ஹெலன், லாரா, நாங்கள் இருவர். கூடத்தில் சாப்பிட்டது உண்டா என்று கேட்டார்கள். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"ஓம். பிஸ்கட் சாப்பிட்டனான். சீனி இறங்கினால் எனக்குக் கண் இருட்டும். ஆனால் அதைச் சாட்டுச் சொல்லித் தப்பேலாது. சட்டம் எனக்குத் தெரியும். மற்றவையைத் தடுத்துப்போட்டு நான் செய்தனான். அந்தத் திரையை நாந்தான் அழிச்சனான் எண்டு சொல்லுங்கோ தங்கச்சி. வடிவாச் சொல்லுங்கோ."

சொன்னேன். வடிவாகத்தான் சொன்னேன். என் ஆங்கிலம் எப்போதும் போலத் தெளிவாக இருந்தது.

பிறகு ஹெலன் கேட்டார்: வேறு ஏதாவது தீனி உள்ளே வந்திருக்க வாய்ப்பு உண்டா, நிகழ்ச்சிகளுக்காகக்கூட? லாரா என் பக்கம் திரும்பினார். தீபாவளிக்கு நாம் கல்மாவுதானே போட்டோம், என்றார்.

ஆமாம் என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். மெதுவாகத் தமிழில் சொன்னார்: "அதை விடுங்கோ. நீங்கள் அண்டைக்கே எடுத்திட்டியள்தானே. ஏன் வீணா உங்கட பேரும் கெடவேணும்? உங்களுக்குச் சின்னப் பிள்ளை இருக்கு."

என்ன சொல்கிறார் என்று கேட்டார்கள்.

மன்னிப்புக் கேட்கிறார் என்று மொழிபெயர்த்தேன்.

ஹெலன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லாரா அண்ணனின் தோளைத் தொட்டார். எல்லாரும் அவரிடம் எவ்வளவு அன்பாக நடந்துகொண்டார்கள்!

ஏப்ரல் 21, வெள்ளி

வேலை நீக்கம். முன்பே எச்சரிக்கை இருந்ததால் வேறு வழி இல்லையாம். இன்சூரன்ஸ் இந்த மாதக் கடைசி வரை.

சீருடையை மடித்துக் கொடுத்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். "போட்டு வாறன் தங்கச்சி. வீமனை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார். நான் கம்ப்யூட்டரில் கோடைக்கால அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன். எழுந்துகூட நிற்கவில்லை என்பது அவர் போன பிறகுதான் உறைத்தது.

கிரீன் கார்டு வந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிடுவேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன். கார்டு கைக்கு வந்த அன்றே.

மே 2, செவ்வாய்

ஊழியர் கூட்டம். அண்ணனின் நேர்மையைப் பற்றி மேலாளர் ஒருவர் உருகிப் பேசினார். தவறை ஒப்புக்கொள்ளும் துணிவு நம் எல்லாருக்கும் வேண்டுமாம். கைதட்டினோம். நானும்தான்.

மே 19, வெள்ளி

மலரக்காவின் சிகிச்சை நின்றுவிட்டதாகக் கேள்வி. அரசு உதவிக்கு எழுதிப் போட்டிருக்கிறார்களாம், வேறு ஆஸ்பத்திரி, வேறு டாக்டர், முதலிலிருந்து எல்லா டெஸ்டும். கோயிலில் பார்த்த ஒருவர் சொன்னார். அவர் என்னிடம் ஏன் சொல்ல வேண்டும்? எனக்கும் அவர்களுக்கும் என்ன சொந்தமா?

ஜூன் 10, சனி

கைக்குழந்தைகளுக்கான ஓவிய நேரம். ஒரு குழந்தை நீலச் சாயத்தைக் குடித்துவிட்டது. சாயம் கெடுதல் இல்லாததுதான், ஆனாலும் தாய்க்காரி போட்ட கூச்சலில் கட்டடமே அதிர்ந்தது. இருந்த எரிச்சலில் வீட்டுக்கு வந்து பையனை அடித்துவிட்டேன். பென்சிலை எங்கே வைத்தாய் என்றதற்கு 'எடுத்து வெச்சுட்டேன்மா' என்று பொய் சொன்னான். இந்த வயசிலேயே பொய் சொன்னால் எனக்குப் பிடிக்காது.

ஆகஸ்ட் 3, வியாழன்

திரை திரும்பி வந்துவிட்டது. ஓட்டைகளின் பின்னால் மங்கலான பழுப்புத் துணி வைத்துத் தைத்திருக்கிறார்கள். முகத்தைப் புதிதாக நெய்வது பொய்யாகிவிடும் என்று ஹெலன் மறுத்துவிட்டார். இருந்ததை இருந்தபடி காட்ட வேண்டும், போனதைப் போனபடி காட்ட வேண்டும், அதுதான் தொழில் தர்மம் என்றார். வீமன் இருந்த இடத்தில் நாயின் உடம்பு திரும்பிப் பார்க்கிறது, பார்க்கக் கண் இல்லை.

புதிய காவலாளி இளைஞன். காதில் எதையோ மாட்டிக்கொண்டு நிற்கிறான்.

செப்டம்பர் 22, வெள்ளி

கார்டு வந்துவிட்டது.

மூன்று உறைகள். கதிரேசன் அழுதார். பையன் தன் படம் நன்றாக இல்லை என்றான். பாயசம் வைத்தேன். என் தட்டில் ஊற்றியது அப்படியே இருக்கிறது.

ஏப்ரலில் எழுதியதைத் திருப்பிப் படித்தேன். படித்திருக்க வேண்டாம்.

செப்டம்பர் 24, ஞாயிறு

போனேன். கதிரேசனிடம் கடைக்கு என்று சொல்லிவிட்டு, ஆப்பிளும் திராட்சையும் வாங்கிக்கொண்டு போனேன்.

பழைய அடுக்குமாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. கதவைத் திறந்தது அண்ணன். பாதியாகிவிட்டார். நெற்றியில் தையல் போட்ட வடு.

"அட, தங்கச்சியெல்லோ! வாங்கோ, வாங்கோ. மலர், ஆர் வந்திருக்கினம் பாரும்!"

மலரக்கா தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தார். நான் மறுக்க மறுக்கத் தேத்தண்ணி போடப் போனார். வடுவைப் பற்றிக் கேட்டேன். பஸ் நிலையத்தில் சர்க்கரை இறங்கி விழுந்துவிட்டாராம்.

"பிஸ்கட் வச்சிருக்கலையாண்ணா?"

"இப்ப நான் ஒரு இடத்துக்கும் கொண்டு போறேல்லை" என்றார். "பையில கிடந்தாலே நெஞ்சு திக்கெண்டுது. எத்தினை வருசம் கிடந்த திரை, எத்தினை சண்டையைப் பாத்த திரை. என்ர ஒரு பிஸ்கட்டால போச்சு. பிள்ளையள் வந்து வீமனைத் தேடுங்களோ?"

அடுப்படியிலிருந்து மலரக்காவின் குரல்: "இதைத்தான் நித்திரையிலயும் புலம்புறார்."

அப்போதுதான் சொன்னேன். எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. "அண்ணா, அது உங்க பிஸ்கட் இல்ல. என் மாவு. நான் எடுக்கல. உங்ககிட்ட எடுத்துட்டேன்னு சொன்னது பொய். நீங்க கேட்டதுக்கு அடுத்த நாள்தான் போய் எடுத்தேன். பை நிறையப் புழு. கையில நெளிஞ்சுது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவர் முகம் இளகி, சிரித்தார்.

"எனக்கு விளங்குது தங்கச்சி. என்னைத் தேத்தத்தான் சொல்லுறியள்."

"இல்லண்ணா, நெசமாத்தான்…"

"நான் அண்டைக்குக் கேட்டனான். எடுத்திட்டன் எண்டு சொன்னனீங்கள். எனக்கு ஆக்களைத் தெரியாதே? அண்டைக்குப் பொய் சொல்லுற ஆளெண்டால், இண்டைக்கு மாடியேறிப் பழத்தோட வருவியளே? இப்பதான் பொய் சொல்லுறியள். நல்ல மனசுக்காரி." கண் நிறைந்துவிட்டது அவருக்கு. "இந்த ஊரில என்னைத் தேடி வந்தது நீங்கள் ஒராள்தான்."

இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நம்பும்வரை சொல்லியிருக்கலாம். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். உள்ளே ஏதோ இறங்கி லேசானது. அதை நினைத்தால் இப்போது என் மேலேயே எனக்குக் கூசுகிறது.

கிளம்பும்போது மலரக்கா வாசல்வரை வந்து, வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"அவர் நம்பமாட்டார்" என்றார். "நான் நம்புறன்."

நான் குனிந்து செருப்பை மாட்டினேன்.

"வேலையிடத்தில சொன்னனீங்களோ?"

"இன்னும் இல்லக்கா."

"இஞ்ச வந்து சொல்லி என்ன? அங்க சொன்னால்தான் அவர் நம்புவார். அங்கயிருந்து ஒராள் வந்து, நீங்கள் செய்யேல்லை ஐயா எண்டு சொன்னால்தான் அந்த மனுசன் நித்திரை கொள்ளும். எனக்கு ஒண்டும் வேண்டாம். என்ர காலம் எனக்குத் தெரியும். அவரை இந்த நினைப்போட விட்டிட்டுப் போகேலாது எனக்கு."

கையிலிருந்த பழப் பையை என் கையில் வைத்தார். "இதைக் கொண்டு போங்கோ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

நாளை மியூசியத்துக்கு விடுமுறை நாள், ஆனால் அலுவலகம் உண்டு. காலையில் முதல் வேலையாக லாராவிடம் போகிறேன். கார்டு கையில் இருக்கிறது. இனி யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது.

செப்டம்பர் 25, திங்கள்

லாரா இன்று வரவில்லை.

செப்டம்பர் 27, புதன்

லாரா வந்தார். வரிசையாகக் கூட்டங்கள். மாலையில் கதவு வரை போனேன். போனில் இருந்தார், கையசைத்தார், நானும் கையசைத்தேன்.

கதிரேசன் சொல்கிறார், கார்டு வந்த பிறகும் பொய் சொன்னது தெரிந்தால் சிக்கல் வரலாமாம். குடியுரிமை வரை பொறுத்தால் நல்லதாம். அதற்கு ஐந்து வருடம் ஆகும்.

மலரக்காவுக்கு அவ்வளவு காலம் இருக்காது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அக்டோபர் 2, திங்கள்

தலைக்கு மேல் வேலை. தீபாவளி விழா அறிவிப்பு இந்த வாரம் போக வேண்டும். லாராவே என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது.

இந்த வருடமும் கோலம் உண்டுதானே என்றார். உண்டு என்றேன். கல்மாவுதானே என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆமாம் என்றேன்.

பிள்ளைகளுக்கு ஒரு புதிய பயிற்சித் தாளும் வேண்டுமாம்: முகமில்லாத அந்த நாயை அச்சடித்துக் கொடுத்து, முகத்தை அவர்களையே வரையச் சொல்வது. கூடவே நாலு வரி, மியூசியத்துக்குள் ஏன் சாப்பிடக் கூடாது என்று.

மதியத்துக்குள் எழுதிக் கொடுத்தேன். 'இவன் பெயர் வீமன். முன்பு இங்கே வேலை பார்த்த ஒருவர் தெரியாமல் சிந்திய பிஸ்கட் தூளைத் தேடிப் பூச்சிகள் வந்தன. அவை இவன் முகத்தைத் தின்றுவிட்டன. நீங்கள் வரைந்து கொடுப்பீர்களா?'

லாரா படித்துவிட்டு, யாரையும் குறை சொல்லாமல் எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய் என்றார். ஒரே ஒரு திருத்தம் சொன்னார். நாய்க்குப் பெயர் வேண்டாமாம், பிள்ளைகளே வைத்துக்கொள்ளட்டுமாம்.

எடுத்துவிட்டேன்.